ஊரைக் காலி செய்கிறவர்களிடம் வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய சாமான்களை வாங்கி ஆன்லைனில் விற்பது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து நிறைய கடிதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. மூன்று மாவட்டமாகப் பிரித்து 2019-லிருந்து வருஷங்கள் ஓடிவிட்டாலும் கேள்வி எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கையில் 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய பொருட்களை வாங்கி ஆன்லைனில் விற்றால் நஷ்டமே வராது என்கிறார்களே, நிஜமா? 'காயலான் கடை வைக்கப் போறியா' என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். எதில் ஆரம்பிக்கலாம், சார்?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் வாங்குகிறார், நீங்கள் பொருளைப் பொருளாகவே வாங்கப் போகிறீர்கள், அந்த இடைவெளியில்தான் உங்கள் காசு இருக்கிறது. நஷ்டமே வராத தொழில் என்று எதுவும் கிடையாதம்மா. இதில் வருகிற நஷ்டம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். அதுவும் ஒரே சமயத்தில் மூன்று நான்கு பொருளுக்கு மேல் வாங்கி அடுக்காத வரைக்கும். பதினைந்தாயிரத்தையும் முதல் மாதமே இறக்கிவிட்டால் முதல் முடங்கிவிடும், அப்புறம் நல்ல சரக்கு கண்ணெதிரே வரும்போது கையில் காசு இருக்காது. ஐயாயிரத்தில் ஆரம்பியுங்கள்.

விற்கிற சாமர்த்தியத்தில்தான் லாபம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆன்லைனில் அந்தச் சாமர்த்தியத்துக்கு இடம் குறைவு. உங்கள் ஏர் கூலருக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னும் பத்து கூலர் விலையோடு நிற்கும், நீங்கள் மட்டும் ஏற்றி விற்க முடியாது. எனவே வாங்குகிற விலையில்தான் எல்லாம். குறைந்த விலைக்கு யார் கொடுப்பார்கள்? அவசரத்தில் இருப்பவர். அந்த விஷயத்தில் வேலூருக்கு இருக்கிற வசதி பக்கத்து ஊர்களுக்குக் கிடையாது. இங்கே வருஷம் முழுக்க யாராவது வந்துகொண்டும் காலி செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

ஒன்று வி.ஐ.டி. மாணவர்கள். மே மாதம் படிப்பை முடித்து ரயிலேறுகிற பையன் டேபிள், நாற்காலி, கூலர், சைக்கிள், கெட்டில், புத்தக அலமாரி எதையும் பாட்னாவுக்கோ விஜயவாடாவுக்கோ தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. அறையை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவான். அதே பொருட்களைத் தேடிக்கொண்டு ஜூலை, ஆகஸ்டில் புதுப் பையன்கள் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குவார்கள். நடுவில் உள்ள இரண்டு மூன்று மாதம் அந்தப் பொருளை மழை படாமல், எலி கடிக்காமல் வைத்திருக்க உங்களிடம் ஒரு அறையோ மொட்டை மாடி ஷெட்டோ இருக்கிறதா? இருந்தால் தொழிலில் பாதி தயார். அதற்காக வாடகைக்கு இடம் பிடிக்காதீர்கள், வருகிற லாபத்தை வாடகை தின்றுவிடும்.

இன்னொன்று சி.எம்.சி. மருத்துவமனை. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் வாரக்கணக்கில், சில பேர் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு, சின்ன குக்கர், டேபிள் ஃபேன், பக்கெட், மடக்குக் கட்டில் எல்லாம் வாங்குவார்கள், திரும்பும்போது விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வாரமே வேறு குடும்பம் அதே தேவையோடு வந்து நிற்கும், எனவே இதில் பொருளைச் சேர்த்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. லாட்ஜ் மேனேஜர்கள் இரண்டு பேரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் இந்தியும் பேசத் தெரிந்தால் போதும். ஒரே ஒரு வேண்டுகோள். நோயாளியைப் பறிகொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் பேரம் பேசாதீர்கள், அவர்கள் சொன்ன விலையைக் கொடுங்கள், முடியாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள். மருந்து மாத்திரையை 'பிரிக்கவே இல்லை, பாதி விலை' என்று நீட்டினாலும் கை வைக்கக் கூடாது, உரிமம் இல்லாமல் மருந்து விற்பது குற்றம். ஆக்சிஜன் மெஷின் மாதிரியான சமாச்சாரங்களும் நமக்கு வேண்டாம்.

ஏர் கூலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் கூலர் கேட்டு ஆள் அலையும், ஐப்பசி மழையில் அதே கூலர் வராந்தாவில் துணி காயப் போடும் ஸ்டாண்டாக நின்றுகொண்டிருக்கும். அப்போதுதான் வாங்க வேண்டும். உதாரணக் கணக்கு ஒன்று: 2,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள், பம்ப்பும் பேடும் மாற்ற 700, குட்டியானையில் ஏற்றி வர 300, ஆக அடக்கம் 3,000. மார்ச்சில் 4,000-க்குப் போனால் ஆயிரம் மிச்சம். இந்த ரிப்பேர் செலவையும் வண்டி வாடகையையும் கணக்கில் சேர்க்காமல் 'இரண்டாயிரம் லாபம்' என்று சொல்லித் திரிகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் 'இதில் ஒன்றும் இல்லீங்க' என்று விட்டுவிடுகிறார்கள். வாங்கும்போது தண்ணீர் ஊற்றி ஓட விட்டுப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு படிந்து பம்ப் அடைத்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் சூடாகி வாசனை வந்தாலோ அடித்தட்டு விரிசல் விட்டிருந்தாலோ சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மெத்தை, தலையணை வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி ஒரு தடவை வீட்டுக்குள் வந்தால் லாபமெல்லாம் மருந்தடிக்கவே போய்விடும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் நம்பகமான மெக்கானிக் ஒருவர் கைக்குள் வந்த பிறகு பார்க்கலாம். அப்படி ஃபிரிட்ஜ் வாங்கினால் படுக்க வைத்து ஏற்றாதீர்கள், கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும். கொண்டு வந்த உடனே பிளக்கைச் சொருகாமல் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

ஆள் பார்க்க வரும்போது வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், பொருளை வாசலிலோ கீழ்த்தளத்திலோ எடுத்து வைத்துக் காட்டுங்கள். விளம்பரத்தில் 'சத்துவாச்சாரி' என்று போட்டால் போதும், கதவு எண் வரைக்கும் போட வேண்டியதில்லை.

பழைய செல்போன், லேப்டாப் வாங்கி விற்கலாம் என்று இருக்கிறேன். அதில்தான் லாபம் அதிகம் என்று நண்பன் சொல்கிறான். போலீஸ் பிரச்சினை வருமா, அண்ணே?
– வாசகர், குடியாத்தம்

வரும் தம்பி, கவனமாக இல்லாவிட்டால் கண்டிப்பாக வரும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. முன்பு இ.பி.கோ. 411 என்று சொல்வார்களே, அதுதான் 2024 ஜூலை முதல் இந்த எண்ணுக்கு மாறியிருக்கிறது. 'எனக்குத் தெரியாது சார்' என்று நீங்கள் சொல்லலாம். இருபதாயிரம் மதிப்புள்ள போனை பில்லும் இல்லாமல் பெட்டியும் இல்லாமல் மூவாயிரத்துக்கு ஒருவன் நீட்டியபோது உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா என்று எதிரில் இருப்பவர் கேட்பாரே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

எனவே போன் கைக்கு வந்ததும் முதலில் *#06# அடியுங்கள், 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும், அது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பிறகு கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். காணாமல் போனதாகப் புகார் ஆகி முடக்கப்பட்ட போன் என்றால் அங்கே தெரிந்துவிடும். விற்கிறவரிடம் அடையாள அட்டை நகலில் 'இந்த எண் போனை இன்ன தேதியில் இன்ன விலைக்கு விற்றேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் அவர் கணக்குக்கே போடுங்கள், அதுவே ஒரு சாட்சி. கையெழுத்துப் போட மறுக்கிறவரிடம் வாக்குவாதம் வேண்டாம், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய ஓனருடைய கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ போனில் ஒட்டிக்கொண்டிருந்தால், ரீசெட் செய்த பிறகு அவருடைய பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கவே திறக்காது. அவர் அதற்குள் ஊருக்குப் போயிருப்பார், நம்பரை மாற்றியிருப்பார். உங்கள் எதிரிலேயே கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லி, ரீசெட் செய்து, முதல் திரை வருகிற வரை பார்த்துவிட்டுத்தான் பணம்.

லேப்டாப்புக்கு என் ஓட்டு கொஞ்சம் அதிகம். போன் மாதிரி மாதாமாதம் விலை சரிவதில்லை, ரேமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றினால் பழைய மாடலே துள்ளி எழுந்துவிடும். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விண்டோஸே அறிக்கையாகக் கொடுக்கும், ஹார்ட் டிஸ்க் நிலைமையைப் பார்க்க இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. பயாஸ் பாஸ்வேர்டு (விண்டோஸுக்கும் முன்னால், லேப்டாப்புக்கே போடுகிற பூட்டு) போட்டிருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், கம்பெனியில் கொடுத்த லேப்டாப்பைக் கம்பெனிக்குத் தெரியாமல் விற்கிற ஆளை அது சில நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்கள் இரண்டு விற்பனைக்கு வருகின்றன, வாங்கலாமா?
– வாசகர், வாணியம்பாடி

வேண்டாம். 2011-லிருந்து கொடுக்கப்பட்டவை அவை, மேலேயே அரசு முத்திரை இருக்கிறது. போட்டோ போட்ட மறுநிமிஷம் ஊருக்கே தெரிந்துவிடும்.

பழைய தேக்குக் கட்டிலை விற்க விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாக ஒருவர் பேசினார், பேரமே பேசவில்லை, பொருளைப் பார்க்கவும் வேண்டாம் என்றார். கியூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும் என்கிறார். செய்யலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆற்காடு

ஐயா, நல்ல வேளை, செய்துவிட்டு எழுதாமல் எழுதிவிட்டுச் செய்யலாம் என்று இருக்கிறீர்கள். கூடாது. பணம் உங்களுக்கு வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். ராணுவ வேஷம் ரொம்ப நாளாக ஓடுகிற நாடகம். யூனிஃபார்ம் போட்ட படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் அனுப்புவார்கள். முன்னாள் ராணுவத்தினர் இல்லாத ஊரே நம் வட ஆற்காட்டில் இல்லை என்பதால் அந்த மரியாதையிலேயே நம்மவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

பேரம் பேசாமல் பழைய கட்டில் வாங்குகிற மனிதரை உங்கள் வாழ்நாளில் பார்த்திருக்கிறீர்களா? இந்தத் தொழிலில் பேரம் பேசாததுதான் முதல் சந்தேகக் குறி. நேரில் வராதவருக்கு விற்காதீர்கள். வந்து வாங்குகிறவரும் 'பணம் போட்டாச்சு' என்று போன் திரையைக் காட்டினால் நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டிலைத் தூக்க விடுங்கள், ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கத் தனி ஆப்பே இருக்கிறது. தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களுடைய பணம்தான் திரும்பி வருவதற்கு வழி இல்லாமல் போகிறது.

காலேஜ் முடித்துப் போகிற சீனியர்களிடம் பைக் வாங்கி ஜூனியர்களுக்கு விற்கலாமா?
– மாணவர், காட்பாடி

உங்களுக்காக ஒன்று வாங்கி ஓட்டுங்கள். தொழிலாக வேண்டாம். வெளிமாநில நம்பர் வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், ஆர்.சி. (பதிவுச் சான்று) பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள், வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் கடிதம். இதையெல்லாம் முடிக்காமல் 'ஓப்பன் பேப்பர்' என்று கைமாற்றிவிட்டு, அந்த வண்டி எங்காவது ஆளை இடித்துவிட்டால் போலீஸ் முதலில் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரைத் தேடிப்போகும், அங்கிருந்து உங்களிடம் வரும். பழைய வண்டி வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதியும் இருக்கிறது. சைக்கிள் வியாபாரம் பாருங்கள், தாராளமாக ஓடும்.

மூடப்படுகிற அலுவலகங்களிலிருந்து பழைய கம்ப்யூட்டர், நாற்காலிகள் வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறேன். ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா? ஆடிட்டர் ஒரு மாதிரி சொல்கிறார், மச்சான் ஒரு மாதிரி சொல்கிறார்.
– வாசகர், ராணிப்பேட்டை

ஆடிட்டர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மச்சானிடம் திருப்பிச் சொல்லவாவது உதவும் என்பதால் கொஞ்சம் விவரம். தமிழ்நாட்டில் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இது லாபம் இல்லை, மொத்த விற்பனை. மாநிலத்துக்குள்ளேயே விற்கிறவருக்குத்தான் இந்தச் சலுகை. பெங்களூருவும் சித்தூரும் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று அங்கே சரக்கு அனுப்ப ஆரம்பித்தீர்கள் என்றால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரியான தளங்களில் விற்க முன்பெல்லாம் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்டார்கள். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு வியாபாரிகள் பான் எண்ணைக் கொடுத்து ஒரு பதிவெண் வாங்கிக்கொண்டு விற்கலாம்.

பதிவு செய்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். பழைய பொருள் வியாபாரிக்கு என்றே மார்ஜின் ஸ்கீம் இருக்கிறது. 10,000-க்கு வாங்கி 12,000-க்கு விற்றால் நடுவில் உள்ள 2,000-க்கு மட்டும்தான் வரி. வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளக் கூடாது, பொருளை வேறு பொருளாக மாற்றாமல் துடைத்துப் பழுது பார்த்து விற்க வேண்டும், இவைதான் நிபந்தனை. இதற்கெல்லாம் வாங்கிய விலை எங்காவது எழுதியிருக்க வேண்டும். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். என்ன பொருள், யாரிடம், எவ்வளவு, செலவு என்ன, எவ்வளவுக்குப் போனது என்று எழுதிக்கொண்டே வந்தால் வருமான வரிக்கும் அதுவே உதவும், எந்தப் பொருளில் நீங்கள் உண்மையில் சம்பாதிக்கிறீர்கள் என்பதும் தெரியும். நாற்காலியில் வருகிறதா கம்ப்யூட்டரில் வருகிறதா என்று கேட்டால் இப்போது உங்களால் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

விளம்பரம் போட்டால் 'லாஸ்ட் ப்ரைஸ் எவ்ளோ' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள். கடுப்பாக இருக்கிறது.
– வாசகி, ஆம்பூர்

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள்கூட மாட்டின் பல்லைப் பார்த்த பிறகுதான் விரலை நீட்டுவார்கள். பொருளையே பார்க்காமல் கடைசி விலை கேட்கிறவர் பாதிப் பேர் வாங்குகிறவரே இல்லை, படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர். 'நேரில் வந்து பாருங்க, பேசிக்கலாம்' என்று ஒரே பதிலை எழுதி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே போடுங்கள். வருகிறவர் எப்படியும் குறைத்துக் கேட்பார் என்பதால் பத்து சதவீதம் ஏற்றியே விலை போடுங்கள், அந்தப் பத்து சதவீதத்தைச் சிரித்த முகத்தோடு விட்டுக்கொடுங்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவரிடம் கோபப்பட்டு டைப் செய்வது நேர விரயம்.

ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் யாருமே விசாரிக்கவில்லை என்றால் விலை அதிகம். விசாரிக்கிறார்கள், பார்க்க வருவதில்லை என்றால் போட்டோ சரியில்லை அல்லது விவரம் போதவில்லை. வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார்கள் என்றால் நீங்கள் எதையோ மறைத்திருக்கிறீர்கள். கீறலையும் படம் எடுத்துப் போடுங்கள், அதைப் பார்த்த பிறகும் வருகிறவர் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான் போவார். பகல் வெளிச்சத்தில், பின்னால் துணிக்கொடி தெரியாமல், மாடல் எண் ஸ்டிக்கரும் ஒரு படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள்.

உங்கள் ஊர் ஷூ ஃபேக்டரி செகண்ட்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பழைய பொருள் இல்லை, குறையுள்ள புதுப் பொருள். அதைச் செகண்ட்ஸ் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கலாம். பிராண்ட் பெயரை ஒட்டி 'எக்ஸ்போர்ட் ஒரிஜினல்' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், பாதிக்குப் பாதி போலி.

பாட்டி காலத்துப் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஒரு சின்ன வெண்கல அம்மன் சிலை இருக்கின்றன. 'ஆன்டிக்' என்று போட்டால் நல்ல விலை வரும் என்கிறார்கள்.
– வாசகர், ஆரணி

அண்டாவையும் குத்துவிளக்கையும் விற்கலாம், ஆனால் வயது தெரியாமல் ஆன்டிக் என்று போடாதீர்கள். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், அவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். 'பழைய பித்தளை' என்று சொல்லி விற்பதில் வம்பில்லை. சிலையை இப்போதைக்கு இணையத்தில் ஏற்றாதீர்கள், பூஜை அறையிலேயே இருக்கட்டும். எப்போது, யார் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு, பழையதுதான் என்றால் தொல்லியல் துறையில் பதிவு செய்கிற வழியைப் பாருங்கள்.

அண்டாவுக்கு விலை போடும் முன் பாத்திரக் கடையில் எடை போட்டு அன்றைய பழைய பித்தளை ரேட் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அடிமட்ட விலை. கல்யாண மண்டபம் அலங்கரிக்கிறவர்களும் ஹோட்டல்காரர்களும் பெரிய அண்டா, உருளி எல்லாம் தேடி வாங்குகிறார்கள், அவர்களிடம் எடைக்கு மேலே கேட்கலாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு விளம்பரம் போட வேண்டாம், கருத்த பித்தளையையே விரும்பிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.